ஒரு வரியின் நான்கு பெயர்கள்

2017 ஜூன் 30 நள்ளிரவைக் கடந்தபோது அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடி தன் பொருளை இழந்தது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, தமிழ்நாட்டிலிருந்து வரும் சரக்கு லாரிகள் ஆண்டுக்கணக்கில் வரிசைகட்டி நின்ற இடம் அது. காய்கறி, முட்டை, சிமெண்ட், கோழி என எது வந்தாலும் தாள் காட்டியாக வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அந்த வரிசைக்குத் தேவையில்லாமல் போயிற்று. அந்த நாள்களில் கேரளம் முழுவதும் பேசப்பட்ட பொருள் கோழி. பழைய மதிப்புக் கூட்டு வரியில் 14.5 விழுக்காடு செலுத்திய கோழிக்குப் புதிய முறையில் வரியே இல்லை. ஆகவே கிலோ 87 ரூபாய்க்கு விற்கவேண்டும் என்றார் நிதியமைச்சர் தாமஸ் ஐசக். முடியாது என்றனர் வணிகர்கள். நாளிதழ்கள் நிறைந்தன, தொலைக்காட்சி விவாதங்கள் நடந்தன.

அதே நள்ளிரவில் இன்னொரு வரியும் தன் பொருளை இழந்தது. ஒரு டன் நிலக்கரிக்கு 400 ரூபாய் என்ற தூய சுற்றுச்சூழல் மேல்வரி ஒழிக்கப்பட்டது. அடுத்த கணமே அதே 400 ரூபாய், அதே நிலக்கரியின் மீது, மாநிலங்களுக்கான இழப்பீட்டு மேல்வரி என்ற பெயரில் மீண்டும் விதிக்கப்பட்டது. தொகை மாறாததால் விலை மாறவில்லை. விலை மாறாததால் எவரும் கவனிக்கவில்லை. கோழிக்குக் கிடைத்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட நிலக்கரிக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவின் காலநிலைக் கொள்கையில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிகப் பெரிய நிதிநிலைத் திருத்தம் இவ்வாறு ஓசையின்றி நிகழ்ந்தது.

இதனை வெறும் பெயர் மாற்றம் என்று கடந்துசெல்வோர் மேல்வரி என்ற சொல்லின் சட்டப் பொருளை மறக்கின்றனர். வரி என்பது அரசின் பொதுக் கருவூலத்துக்குரியது. எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். மேல்வரியோ ஒரு நோக்கத்தைச் சொல்லி வசூலிக்கப்படுவது. அந்த நோக்கத்தைக் காரணம் காட்டியே மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளும் வருவாய்த் தொகுப்பிலிருந்து அது விலக்கப்படுகிறது. எனவே மேல்வரியின் பெயர் அதன் தலைப்பு மட்டுமன்று, அதன் அதிகாரப் பத்திரமும் ஆகும். பெயரை மாற்றினால் பணத்தின் உரிமையாளர் மாறுகிறார். ஓர் எல்லைக்கோட்டின் பெயரால் 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போனதைக் கண்ட நிலப்பகுதிக்குத் தாளில் எழுதப்படும் பெயரின் வலிமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அந்த வரியின் வரலாறு சுருக்கமானது. 2010-11 நிதிநிலை அறிக்கையில் பிரணாப் முகர்ஜி தூய ஆற்றல் மேல்வரியை அறிவித்தார். நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, கரிமண் ஆகியவற்றுக்கு டன்னுக்கு 50 ரூபாய். வசூலாகும் பணம் தேசியத் தூய ஆற்றல் நிதியத்துக்குச் செல்லும் என்பது வாக்குறுதி. 2014-இல் அது 100 ரூபாய் ஆயிற்று, 2015-இல் 200, 2016-இல் 400, கூடவே தூய சுற்றுச்சூழல் மேல்வரி என்ற இரண்டாம் பெயர். ஆறே ஆண்டுகளில் எட்டு மடங்கு. ஒரு கட்சியின் அரசு தொடங்கி, வேறொரு கட்சியின் அரசு உயர்த்திய வரி இது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெளியுலகில் இதற்கு வேறு பெயர் வழங்கப்பட்டது. 2014-15 பொருளாதார ஆய்வறிக்கை இந்தியா கார்பன் மானியத்திலிருந்து கார்பன் வரிக்கு நகர்ந்துவிட்டதாக ஓர் இயலே எழுதியது. 2015 அக்டோபரில், பாரிஸ் மாநாட்டுக்கு முன்பாக ஐக்கிய நாடுகள் அவையிடம் அளிக்கப்பட்ட இந்திய அறிக்கையும் இந்த நிலக்கரி மேல்வரியைப் பெருமையுடன் எடுத்துக்காட்டியது. அதாவது பாரிஸில் கார்பன் வரி. இரண்டே ஆண்டுகளில் தில்லியில் விற்பனைவரி இழப்புக்கு ஈடு. ஒரே நாணயத்தை இரு கணக்கேடுகளில் எழுதும் வணிகரைச் சோதனைச் சாவடிகள் பிடித்து அபராதம் விதித்தன. அரசின் கணக்கேட்டைச் சோதிக்கும் சாவடி எங்கும் இல்லை.

பெயர் சரியாக இருந்த காலத்திலும் பணம் சரியான இடத்துக்குப் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் வாதம் முழுமை பெறாது. 2010-11 முதல் 2017-18 வரை இம்மேல்வரியாக வசூலான தொகை 86,440 கோடி ரூபாய். நிதியத்துக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. உண்மையில் பயன்படுத்தப்பட்டது 15,911 கோடி. நூறு ரூபாய் வசூலில் 34 ரூபாய் நிதியத்தின் வாசலைக் கண்டது. 18 ரூபாய் செலவாயிற்று. அந்தப் பதினெட்டிலும் ஒரு பகுதி கங்கைத் தூய்மைப் பணிக்குச் சென்றது. கங்கை தூய்மையாக வேண்டியதே. ஆனால் அது தூய ஆற்றல் ஆகாது.

இந்தக் கணக்கைக் காட்டி, செலவாகாத பணத்தை மாநிலங்களுக்குக் கொடுத்ததில் என்ன குற்றம் என்று கேட்பவர் உண்டு. பூட்டிய கிணற்றில் நீர் இறைக்க ஆளில்லை என்றால் இறைக்க ஆள் வைக்க வேண்டும்; கிணற்றை விற்பது தீர்வாகாது. செலவிடப்படாத நிதி நிருவாகத் தோல்வி. நோக்கத்தையே சட்டத்திலிருந்து நீக்குவது கொள்கைத் தோல்வி. முதலாவதைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டலாம், நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்கலாம், நீதிமன்றத்தில் வழக்காடலாம். இரண்டாவதற்குப் பிறகு கேள்வி கேட்பதற்கான பிடிமானமே இல்லை.

2017-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையை எடுத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. பான் மசாலா, புகையிலை, குளிர்பானம், கார் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிலக்கரி அமர்ந்திருக்கிறது. கேடு விளைவிக்கும் பொருளும் ஆடம்பரப் பொருளும் கலந்த அப்பட்டியலில் நிலக்கரி என்ன முறையில் இடம்பெற்றது? வருவாய் தரும் என்ற ஒரே முறையில். அந்த வருவாயின் பணி, 2015-16-ஐ அடிப்படையாகக் கொண்டு ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சியை ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்கு உறுதிசெய்வது. 2022 ஜூனில் அந்த ஐந்தாண்டுகள் முடிந்தன, வசூல் முடியவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் மாநிலங்களுக்காக வாங்கப்பட்ட சுமார் 2.69 லட்சம் கோடி ரூபாய்க் கடனை அடைக்க, 2026 மார்ச் வரை மேல்வரி நீட்டிக்கப்பட்டது. புவி வெப்பத்தைத் தணிக்கப் பிறந்த வரி, பிறந்து பன்னிரண்டு ஆண்டுகளில் வட்டி கட்டும் வரியாயிற்று.

இதில் மாநிலங்கள் வாய்மூடி நின்ற பாதிக்கப்பட்டோர் அல்லர். கேரளமும் தமிழ்நாடும் இழப்பீட்டுக் காலத்தை நீட்டிக்கக் கோரின. கூட்டாட்சி உரிமையின் மொழியில் அக்கோரிக்கை நியாயமானது. ஆனால் இழப்பீட்டின் ஒரு பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதையும், நிலக்கரி எவ்வளவு மிகுதியாக எரிகிறதோ அவ்வளவுக்குத் தம் ஈட்டுத்தொகை பாதுகாப்பாக இருக்கும் என்பதையும் எந்த மாநிலமும் பேசவில்லை. கடற்கரை அரிப்பைப் பற்றிக் கண்ணீர் வடிக்கும் அரசுகள், கரி எரிப்பின் வருவாயில் பங்கு கேட்டுக் கைநீட்டிய ஐந்தாண்டுகள் அவை.

அமரவிளையிலிருந்து மேற்கே கடல் வெகுதூரமன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிக் கடற்கரையான பொழியூரையும் குமரி மாவட்டத்தின் நீரோடியையும் பிரிப்பது மாநில எல்லை மட்டுமே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கரையைக் கடந்துசென்றபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களில் நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. ஒரு தனிப் புயலைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் நேரடியாக எழுதுவது அறிவியல் ஆகாது. எனினும் அரபிக்கடல் வெப்பமடைந்து வருவதும் அங்குப் புயல்கள் பெருகிவருவதும் பதிவான உண்மைகள். ஒக்கிக்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அந்த வெப்பமடைதலுக்கென இருந்த ஒரே மைய வரி தன் நோக்கத்தை இழந்திருந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பெருவெள்ளம். 400-க்கும் மேற்பட்ட உயிரிழப்பு. மீட்டெடுப்புக்குத் தேவையான தொகை சுமார் 31,000 கோடி ரூபாய் என ஐ.நா. முகமைகளின் பங்கேற்புடன் மதிப்பிடப்பட்டது. கேரளம் பணத்துக்கு எங்கே போயிற்று? வரி மன்றத்தின் இசைவு பெற்று, 2019 ஆகஸ்ட் 1 முதல் ஈராண்டுகளுக்குத் தன் மக்கள் வாங்கும் பொருள்கள் மீது 1 விழுக்காடு வெள்ள மேல்வரி விதித்தது. பாறசாலைக் கடையில் ஒரு மின்விசிறி வாங்கியவர் அதைச் செலுத்தினார். சில கிலோமீட்டர் தள்ளி, களியக்காவிளைக் கடையில் அதே விசிறியை வாங்கியவர் செலுத்தவில்லை.

இங்கே நிகழ்ந்த தலைகீழ் மாற்றத்தைப் பொருளியல் மாணவர் எவரும் அடையாளம் காணவேண்டும். மாசுபடுத்துபவரே செலுத்துக என்பது சுற்றுச்சூழல் பொருளியலின் முதல் பாடம். நிலக்கரி எரித்தவர் செலுத்திய பணம் விற்பனைவரி இழப்பை நிரப்பப் போயிற்று. வெள்ளத்தில் நனைந்தவர் செலுத்திய பணம் வெள்ளச் சேதத்தை நிரப்பப் போயிற்று. பாதிக்கப்பட்டவரே செலுத்துக என்ற புதிய கோட்பாடு எந்தப் பாடநூலிலும் இல்லாமல் எல்லைக் கடைகளின் ரசீதுகளில் அச்சாயிற்று.

நான்காம் பெயர் 2025-இல் வந்தது. செப்டம்பர் 3 அன்று கூடிய 56-ஆவது வரி மன்றக் கூட்டத்தின் முடிவுப்படி, செப்டம்பர் 22 முதல் நிலக்கரி மீதான 400 ரூபாய் மேல்வரி முற்றிலும் நீங்கியது; சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. 18 என்ற எண்ணைக் கண்டு வரி கூடிவிட்டது என எண்ணுவது தவறு. டன் 1,000 ரூபாய் விலையுள்ள நிலக்கரிக்குப் பழைய முறையில் 50-உம் 400-உம் சேர்த்து 450 ரூபாய் வரி; புதிய முறையில் 180. டன் 2,000 ரூபாய் என்றால் 500-லிருந்து 360. ஏறத்தாழ 3,077 ரூபாய் விலை வரை புதிய வரி பழையதைவிடக் குறைவு. மின்துறைக்கு டன்னுக்குச் சராசரியாக 260 ரூபாய் சுமை குறைகிறது, யூனிட்டுக்கு 17 முதல் 18 காசு வரை உற்பத்திச் செலவு இறங்குகிறது என நிலக்கரி அமைச்சகமே மகிழ்ந்து அறிவித்தது.

இந்த மாற்றத்துக்கு ஒரு தற்காப்பு உண்டு. அதில் பொருளும் உண்டு. எல்லா நிலக்கரிக்கும் டன்னுக்கு ஒரே தொகை என்பது சாம்பல் மிகுந்த, வெப்பத்திறன் குறைந்த உள்நாட்டுக் கரியின் மீது அதன் ஆற்றலுக்குப் பொருந்தாத சுமையை ஏற்றியது. ஆனால் அக்குறைக்கு மருந்து கார்பன் அளவுக்கேற்ற வரி. விலைக்கேற்ற வரி அந்த மருந்து அன்று. விலைக்கேற்ற வரி நிலக்கரி மலியும்போது தானும் இறங்கும். எரிக்கும் ஆசை கூடும் தருணத்தில் தடை தளரும்.

இதனினும் ஆழமான மாற்றம் உள்ளீட்டு வரி வரவில் இருக்கிறது. இழப்பீட்டு மேல்வரியாகச் செலுத்திய தொகையை அதே மேல்வரிக்கு மட்டுமே ஈடுசெய்ய முடியும். சிமெண்ட், எஃகு, அலுமினிய ஆலைகளின் விளைபொருளுக்கு அம்மேல்வரி இல்லாததால், 400 ரூபாய் உண்மையான செலவாக அவற்றின் மீது நின்றது. இப்போது செலுத்தும் 18 விழுக்காட்டை முழுவதும் வரவு வைத்துக்கொள்ளலாம். மின்சாரமோ சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே இருப்பதால் அனல்மின் நிலையங்களுக்கு அந்த வரவு கிடையாது. வரி மின்கட்டணத்தில் தங்கிவிடும். முடிவு என்ன? பேராலையின் உலையில் எரியும் கரிக்கு நிகர வரி சுழியம். வீட்டு விளக்குக்காக எரியும் கரிக்கு மட்டும் வரி. எளியவரின் சுமையைக் குறைத்த சீர்திருத்தம் என்று இதற்குப் பெயர் சூட்டுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றுகூட இல்லை என்பதால் இது தொலைதூரச் சிக்கல் என்று கருதவும் இடமில்லை. மாநிலம் நுகரும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. தால்ச்சேரிலும் ராமகுண்டத்திலும் நெய்வேலியிலும் எரியும் கரியில் கேரளத்துக்குப் பங்குண்டு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி என்று கொண்டால், பழைய மேல்வரி யூனிட்டுக்கு 28 காசு. அமரவிளையில் மாதம் 100 யூனிட் பயன்படுத்தும் குடும்பம், அது முழுவதும் கரி மின்சாரமே என்றாலும், செலுத்தியது 28 ரூபாய். ஒரு கிலோ கோழியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த 28 ரூபாயை அக்குடும்பத்துக்கே ரொக்கமாகத் திருப்பிக்கொடுத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிகள் நிறைந்த மாளிகைகளிடமும் ஆலைகளிடமும் வரியைத் தொடர்ந்து வசூலித்திருக்கலாம். வரியை நீக்கினால் மிகுதியாக எரிப்பவருக்கு மிகுதியான சலுகை. வரியைப் பங்கிட்டால் எல்லோருக்கும் சமமான தொகை. ஏழைகளின் பெயரால் முதல் வழி தேர்ந்தெடுக்கப்படுவது இந்தியப் பொருளாதாரக் கொள்கையின் பழைய பழக்கம்.

வரலாற்றுப் பொறுப்பு செல்வ நாடுகளுடையது, தலைக்கு இரண்டு டன் உமிழும் இந்தியர் ஏன் வரி கட்டவேண்டும் என்ற வாதம் பல்கலைக்கழக அரங்குகளில் கைதட்டல் பெறும். வாதத்தின் முன்பாதி முற்றிலும் உண்மை. பின்பாதி 2026 ஜனவரி 1 முதல் செல்லாது. அன்றிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் ஆகியவற்றின் உமிழ்வுக்குத் தன் எல்லையில் விலை கணக்கிடுகிறது. உற்பத்தி செய்த நாட்டில் கார்பன் விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கழித்துக்கொள்ள அதன் விதிகளில் இடமுண்டு. நிலக்கரி மேல்வரியை ஐரோப்பா அப்படியே ஏற்றிருக்குமா என்பது வாதத்துக்குரியது. ஆனால் வாதாடுவதற்கு ஒரு வரி இருந்தது. அந்த வரி ஆலைகளுக்குச் சுழியமாக்கப்பட்ட சில மாதங்களில் ஐரோப்பாவின் எல்லை திறந்தது. அமரவிளையில் ஓய்ந்த சாவடி ராட்டர்டாம் துறைமுகத்தில் விளக்கேற்றி அமர்ந்திருக்கிறது. அங்கே வசூலாகும் பணம் பொழியூருக்கும் வராது, தில்லிக்கும் வராது.

2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டம் இந்த இடத்தை நிரப்பும் என்பர். சில தொழில்துறைகளுக்கு உற்பத்தி அலகுக்கு இவ்வளவு உமிழ்வு என்று இலக்கு விதிக்கும் திட்டம் அது. மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இல்லை. இந்தியாவின் மிகப் பெரிய உமிழ்வாளரான மின்துறை அதன் கட்டாய வளையத்துக்குள் கொண்டுவரப்படவும் இல்லை. யானை வெளியே நிற்க, வேலி கட்டியாயிற்று.

சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் மலிந்துவிட்டன, இனி நிலக்கரிக்கு வரி எதற்கு என்ற கடைசி வாதம் மிகவும் வசீகரமானது. இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவமல்லாத மூலங்களைச் சேர்ந்தது என்ற இலக்கு 2025-இல் எட்டப்பட்டது உண்மை. அதே 2024-25 நிதியாண்டில் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்ததும் உண்மை. உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியுடையது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியின் பெயர் சேமிப்புக் கலன், மின்தொடர், பழைய காற்றாலைகளின் புதுப்பிப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைச் சுற்றி 1990-களில் நட்ட சிறு காற்றாலைகள் இந்தியாவின் மிகச் சிறந்த காற்றுக்கு முன்னே நின்று, அதன் ஆற்றலில் சிறு பகுதியையே பிடிக்கின்றன. அவற்றைப் பெயர்த்துப் பெரியவற்றை நிறுத்த முதலீடு வேண்டும். 100 கோடி டன்னுக்கு 400 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 40,000 கோடி. இந்தப் பணம் கையில் இருந்தது, இப்போது இல்லை.

கல்வித்துறைக்கும் இதில் பங்குண்டு. பொருளியல் துறைகள் வரிச் சீர்திருத்தத்தை ஒரு தாளிலும் சுற்றுச்சூழலை வேறொரு தாளிலும் கற்பிக்கின்றன. முதல் தாளின் ஆசிரியருக்கு 2017 ஜூலை 1 வரி ஒருமைப்பாட்டின் நாள். இரண்டாம் தாளின் ஆசிரியருக்கு அந்நாளுக்கு முக்கியத்துவமே இல்லை. இரண்டு தாள்களுக்கும் இடையிலுள்ள இடுக்கில்தான் ஒரு நாட்டின் கார்பன் வரி விழுந்து மறைந்தது.

வேண்டுவன மூன்று. ஒன்று, நிலக்கரியின் கார்பன் அளவுக்கேற்ற மேல்வரி மீண்டும் தனிச் சட்டத்தால் விதிக்கப்படவேண்டும். அதற்கு உள்ளீட்டு வரவு கூடாது. இரண்டு, அதன் வசூல் நேரே ஒரு சட்டபூர்வ நிதியத்துக்குச் செல்லவேண்டும். வந்தது எவ்வளவு, போனது எங்கே என்ற கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும். மூன்று, வசூலில் ஒரு பகுதி குறைந்த நுகர்வுள்ள குடும்பங்களுக்கு நேரடித் தொகையாகவும், மறுபகுதி புயலும் வெள்ளமும் கடலரிப்பும் தாக்கும் மாநிலங்களுக்கும் திரும்பவேண்டும். அவ்வாறு திரும்பியிருந்தால் கேரளம் தன் வெள்ளத்துக்குத் தானே மேல்வரி போட்டுக்கொள்ள நேர்ந்திராது.

இவற்றை ஏற்க மறுப்போர் நிலக்கரிக்கு வரியே வேண்டாம் என்று வெளிப்படையாக வாதிடட்டும். அது நேர்மையான நிலைப்பாடு. உலக மேடையில் கார்பன் வரி என்று காட்டி, உள்ளூரில் கடன் தவணைக்குக் கட்டி, இறுதியில் 18 விழுக்காட்டுக்குள் கரைத்துவிடும் வழக்கத்துக்கு அந்த நேர்மையும் இல்லை. அமரவிளையில் வரிசை நின்ற காலத்தில் ஒவ்வொரு லாரி ஓட்டுநரும் இறங்கி, ஏற்றி வந்தது என்ன, கொண்டுசெல்வது எங்கே என்று சொல்லவேண்டியிருந்தது. 86,440 கோடி ரூபாயை ஏற்றிச்சென்றவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் இனியேனும் கேட்டாக வேண்டும்.